லீஸ் பத்திரத்தில் வரும் ‘லெட்’: விடுவதா, தடுப்பதா?

#1 கடைத்தெரு

வணக்கம். ஆங்கிலப் பத்திர நடை பழகியவர்கள் யாராவது இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

சித்தப்பா ஒரு கடையை ஐந்து வருட லீசுக்கு எடுக்கிறார். பத்திரம் ஆங்கிலத்தில். அவர் படித்துப் பார்க்க வசதியாக இடத்துக்காரர் தரப்பிலேயே ஒரு தமிழ்ப் படியும் கொடுத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் ஒரு ஷரத்து: வாடகையை ஒழுங்காகக் கட்டி மற்ற ஷரத்துகளுக்கும் கட்டுப்பட்டு நடக்கும் வாடகைதாரர், லீஸ் காலம் முழுவதும் கடையை “வித்தவுட் எனி லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்” அனுபவித்து வரலாம். தமிழ்ப் படியில் அதே இடத்தில், “வாடகைதாரர் மேற்படி கடையை யாருக்கும் வாடகைக்கு விடாமலும் இடையூறு செய்யாமலும் அனுபவித்து வர வேண்டியது” என்று இருக்கிறது.

கடையின் முன்பக்கத்தில் ஒரு மேசை போட்டு, செல்போன் ரிப்பேர் பார்க்கும் பையன் ஒருவனுக்கு உள்வாடகைக்கு விடலாம் என்று சித்தப்பா கணக்குப் போட்டு வைத்திருந்தார். தமிழ்ப் படியைப் பார்த்ததும் “போச்சு, விடக்கூடாதாம்” என்று சோர்ந்துவிட்டார்.

லெட் என்றால் வாடகைக்கு விடுவது, சரி. தெருவுக்குத் தெரு டூலெட் பலகை தொங்குகிறது. ஆனால் இதே ‘லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்’ என் பாஸ்போர்ட்டிலும் இருக்கிறது. அதில் ஜனாதிபதி எதை வாடகைக்கு விடுகிறார்?

#2 குறுக்குவிசாரணை

கையெழுத்துப் போட்டாயிற்றா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

அந்தத் தமிழ் வரி அர்த்தத்தைத் தலைகீழாக்கியிருக்கிறது. ஆங்கிலத்தில் அது இடத்துக்காரர் உங்கள் சித்தப்பாவுக்குக் கொடுக்கும் வாக்கு. ‘நீங்கள் வாடகையைக் கட்டிக்கொண்டு வாருங்கள், நானோ என் ஆட்களோ குறுக்கே வர மாட்டோம்’ என்பதுதான் விஷயம். தமிழில் அது சித்தப்பா தலையில் ஏற்றிய நிபந்தனையாகிவிட்டது.

லீஸ் பத்திரங்களில் வாடிக்கையாக வரும் பத்தி இது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 108ஆம் பிரிவைப் பார்த்தால், மாறாக எதுவும் எழுதப்படாத வரை, பத்திரத்தில் சொல்லாவிட்டாலும் இந்த வாக்கு இருப்பதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சட்டத்தில் இருப்பது ‘வித்தவுட் இன்டரப்ஷன்’ என்ற சாதாரணச் சொல்தான். வரைவு எழுதுகிறவர்கள்தான் பழக்கதோஷத்தில் லெட்டைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள்.

இங்கே லெட் என்றால் தடை. வாடகைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. உள்வாடகை கூடாது என்று இடத்துக்காரர் நினைத்தால் அதற்குத் தனி ஷரத்து போட்டிருப்பார். ‘சப்லெட்’ (உள்வாடகைக்கு விடுவது), ‘அசைன்’ (லீஸ் உரிமையை இன்னொருவருக்கு மாற்றுவது) என்ற சொற்கள் வருகிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லை என்பதற்காகத் துள்ளவும் வேண்டாம். செல்போன் பையனை உட்கார வைப்பதற்கு முன் இடத்துக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள்.

#3 கடைத்தெரு

இன்னும் போடவில்லை மேடம். திங்கட்கிழமைதான் ரிஜிஸ்தர் ஆபீஸ் போகிறோம். உள்வாடகை பற்றித் தனியாக எதுவும் கண்ணில் படவில்லை, மறுபடி தேடுகிறேன்.

ஆனால் லெட் எப்படித் தடையாகும்? லெட் மீ கோ என்றால் என்னைப் போக விடு. நேர் எதிராக அல்லவா இருக்கிறது?

#4 பாளை வாத்தியார்

தம்பி, நீங்கள் ஒரே சொல் என்று நினைப்பது இரண்டு சொற்கள். பார்த்தால் ஒன்று போல இருக்கும், பிறப்பு வேறு.

பழைய ஆங்கிலத்தில் இரண்டு வினைகள் இருந்தன. ஒன்றுக்கு விடு, அனுமதி என்று பொருள். அதில் உயிர் நெடில், டகரம் ஒற்றை. இன்னொன்றுக்குத் தடு, தாமதப்படுத்து என்று பொருள். அதில் உயிர் குறில், டகரம் இரட்டித்து வரும். நம் இலக்கணக் கண்ணால் பார்த்தால் இரண்டும் தெளிவாக வேறு வேறு. காலப்போக்கில் முன்னதன் நெடில் குறுகியது, இரண்டின் கடைசி அசையும் தேய்ந்தது. கடைசியில் இரண்டும் ‘லெட்’ என்று ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொண்டன.

தடுக்கிற லெட்டுக்கு நெருங்கிய சொந்தம் யார் தெரியுமா? லேட். பழைய காலத்தில் லேட் என்ற சொல்லுக்கு மெதுவான, மந்தமான என்பதுதான் பொருள். ஒருவனை மெதுவாக்குவது, தாமதப்படுத்துவது, அதாவது ‘லேட்’ ஆக்குவதுதான் இந்த லெட். லாஸ்ட் என்பதும் அந்தக் குடும்பம்தான், மிக லேட்டாக வருவது லாஸ்ட்.

விடுகிற லெட்டுக்கோ நம் ‘விடு’ அப்படியே பொருந்தும். போக விடு, கை விடு, வீட்டை வாடகைக்கு விடு, எல்லாமே அந்த லெட்தான். உங்கள் டூலெட் பலகையும் அதில் சேர்த்திதான். தடுக்கிற லெட் வினையாக இன்று யார் வாயிலும் இல்லை. பெயர்ச்சொல்லாக மட்டும் இரண்டு மூன்று இடங்களில் ஒண்டிக்கொண்டிருக்கிறது.

#5 வயல்வரப்பு

விடு என்றும் அர்த்தம், விடாதே என்றும் அர்த்தம். இந்த மொழியில்தான் நம் ஊர்க் கடைக்குப் பத்திரம் எழுத வேண்டுமா? இடத்துக்காரரும் தமிழ், எடுப்பவரும் தமிழ். தமிழிலேயே எழுதிப் பதிந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது.

#6 குறுக்குவிசாரணை

வயல்வரப்பு சொல்வதில் எனக்கு மறுப்பு இல்லை. தமிழில் எழுதிய பத்திரம் தாராளமாகப் பதிவாகும், தினமும் பதிவாகிறது. ஆங்கில வரைவு ஒன்றைக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டு பெயரையும் சர்வே எண்ணையும் மட்டும் மாற்றிக் கொடுக்கும் சோம்பல்தான் இதற்குக் காரணம். இந்தப் பத்தியை எழுதிக் கொடுப்பவர்களைக் கூப்பிட்டு லெட்டுக்கு அர்த்தம் கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள்.

#7 டைபிரேக்கர்

டென்னிஸில் சர்வ் போடும்போது பந்து நெட்டில் உரசிக்கொண்டு சரியான கட்டத்தில் விழுந்தால் லெட் என்பார்களே, அது இதில் எந்த லெட்? எங்கள் கோச் அது ‘நெட்’ என்ற சொல்தான், வாய்மொழியில் மருவி லெட் ஆகிவிட்டது என்று சொல்லித் தந்தார். ‘மறுபடி போட விடு’ என்பதால் அனுமதி லெட் என்று இன்னொருவர் சொல்கிறார்.

#8 நான்குசுவர்

நெட்டும் இல்லை, அனுமதியும் இல்லை. ஸ்குவாஷ் பார்த்தால் இந்த வாதம் அங்கேயே முடிந்துவிடும். அந்த ஆட்டத்தில் நெட் கிடையாது, ஆனால் லெட் உண்டு.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நான்கு சுவருக்குள் இரண்டு பேரும் ஒரே தரையில் நிற்பார்கள். நான் அடித்த பந்து முன்சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது. நீங்கள் பாய்ந்து எடுக்கப் போகிறீர்கள், நான் அடித்த இடத்திலிருந்து இன்னும் நகரவில்லை. நீங்கள் மட்டையை வீசினால் என் முகத்தில்தான் படும். அப்போது வீசாமல் நிறுத்தி, நடுவரைப் பார்த்து ‘லெட் ப்ளீஸ்’ என்பீர்கள். ‘என்னைத் தடுத்துவிட்டான், தடை என்று அறிவியுங்கள்’ என்பதுதான் அதன் பொருள். நடுவர் மூன்றில் ஒன்றைச் சொல்வார். யெஸ் லெட் என்றால் தடை உண்மை, அந்தப் புள்ளியை மறுபடி ஆட வேண்டும். நோ லெட் என்றால் தடை ஒன்றும் இல்லை, நீங்கள் சும்மா நின்றுவிட்டீர்கள், புள்ளி எனக்கு. நான் நின்றது உங்கள் நல்ல அடியையே கெடுத்துவிட்டது என்றால் ஸ்ட்ரோக், புள்ளி உங்களுக்கு.

அனுமதி என்ற அர்த்தத்தில் எடுத்தால் ‘நோ லெட்’ என்பது மறுபடி ஆட அனுமதி இல்லை என்பது போலக் கேட்கும். அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

இதைவிட வேடிக்கை அமெரிக்கர்களின் ராக்கெட்பால். அதுவும் சுவருக்குள் ஆடும் ஆட்டம்தான். அதே மாதிரி ஆள் குறுக்கே நின்றால் அவர்கள் சொல்வது ‘ஹிண்டர்’. உங்கள் சித்தப்பா பத்திரத்தில் ஜோடியாக நிற்கும் இரண்டு சொல்லையும் இரண்டு ஆட்டக்காரர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

#9 டைபிரேக்கர்

ஸ்குவாஷில் நெட் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். டென்னிஸிலிருந்து அங்கே போயிருக்கலாம் இல்லையா?

#10 நான்குசுவர்

டென்னிஸிலேயே பாருங்களேன். ஆடிக்கொண்டிருக்கும்போது பக்கத்து கோர்ட்டிலிருந்து ஒரு பந்து உருண்டு வந்தால் நடுவர் என்ன சொல்கிறார்? லெட். சர்வை எடுப்பவர் தயாராகும் முன் போட்டுவிட்டால்? அதுவும் லெட். இங்கெல்லாம் நெட் எங்கே வந்தது? ஆட்டம் தடைப்பட்டது, அவ்வளவுதான்.

பேட்மின்டனில் இன்னும் தெளிவு. சர்வ் நெட்டில் உரசினாலும் சரியான கட்டத்தில் விழுந்தால் ஆட்டம் நிற்காமல் தொடரும், லெட் கிடையாது. ஆனால் ஆட்டத்தின் நடுவே இறகுப்பந்து நெட்டின் மேல் சிக்கித் தொங்கினால் லெட். நெட்டில் படுவதால் லெட் வருவதில்லை, தடைப்படுவதால்தான் வருகிறது.

நம் சென்னைக்கு இந்த லெட் அந்நியமும் இல்லை. 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் பெண்கள் இரட்டையர் தங்கம் வாங்கிய ஜோஷ்னா சின்னப்பா, தீபிகா பள்ளிக்கல் இருவரும் இங்கே வளர்ந்தவர்கள்தான். இரட்டையர் ஆட்டத்தில் நான்கு பேர் அந்தச் சுவருக்குள் நிற்பார்கள். எத்தனை லெட் விழும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

#11 மரிக்கொழுந்து

பாளை வாத்தியார் சாருக்கு இது தெரிந்திருக்கும், சொல்லக் காணோமே என்று நானே எழுதுகிறேன். 1611இன் கிங் ஜேம்ஸ் வேதாகமத்தில் யாத்திராகமம் ஐந்தாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். முதல் வசனத்தில் மோசே பார்வோனிடம் கர்த்தருடைய வார்த்தையைச் சொல்கிறார்: ‘லெட் மை பீப்பிள் கோ’, என் ஜனங்களைப் போக விடு. நாலாம் வசனத்தில் பார்வோன் திருப்பிக் கேட்கிறான்: மோசே, ஆரோனே, நீங்கள் ஏன் ‘லெட் த பீப்பிள் ஃப்ரம் தேர் வர்க்ஸ்’? இது தடுக்கிற லெட். ஜனங்களை ஏன் வேலை செய்ய விடாமல் தடுக்கிறீர்கள் என்கிறான். நம் பழைய தமிழ் வேதாகமத்தில் ‘கலையப்பண்ணுகிறது என்ன’ என்று வரும்.

மூன்றே வசனத்துக்குள் ஒரே சொல், ஒன்று விடு, ஒன்று விடாதே. அந்தக் காலத்து ஆட்கள் குழம்பவில்லையா என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

#12 பாளை வாத்தியார்

சகோதரி நல்ல இடத்தைக் காட்டினீர்கள். குழம்பவில்லை. ஏனென்றால் சொல் ஒன்றானாலும் அது நிற்கும் வரிசை வேறு. விடுகிற லெட்டுக்குப் பின்னால் ஆள் வருவார், ஆளுக்குப் பின்னால் இன்னொரு வினை வரும்: லெட் மை பீப்பிள், அப்புறம் கோ. தடுக்கிற லெட்டுக்கு இரண்டாவது வினை தேவையில்லை. ஆளோடு நின்றுவிடும். அல்லது நாலாம் வசனம் போல ‘ஃப்ரம்’ என்று சொல்லி, எதிலிருந்து தடுக்கிறார்கள் என்று காட்டும். வேறு வினை எதையும் காணவில்லை, லெட் தனியாக நிற்கிறது என்றால் பழைய நூல்களில் அது பெரும்பாலும் தடைதான்.

ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டிலும் இதே கதை. அப்பாவின் ஆவி கையசைத்துக் கூப்பிடுகிறது, ஹாம்லெட் பின்னால் போகத் துடிக்கிறான், கூட இருப்பவர்கள் ஆபத்து என்று பிடித்து நிறுத்துகிறார்கள். அப்போது அவன் கத்துவது: ‘ஐ வில் மேக் எ கோஸ்ட் ஆஃப் ஹிம் தட் லெட்ஸ் மீ’. என்னை விடுகிறவனைக் கொன்று ஆவியாக்குவேன் என்று எடுத்தால் பைத்தியக்காரப் பேச்சு. என்னைத் தடுக்கிறவனை ஆவியாக்குவேன் என்பதுதான் சரி. வகுப்பில் இந்த வரியை நடத்தினால், இதற்கு முன் நன்றாக மார்க் வாங்கிய பிள்ளைகள்தான் முதலில் தவறாகச் சொல்வார்கள். லெட் தங்களுக்குத் தெரிந்த சொல் என்ற நம்பிக்கைதான் அவர்களைக் கவிழ்க்கும். தெரியாத சொல்லாக இருந்தால் அகராதியைப் புரட்டியிருப்பார்கள்.

பழைய ஆங்கிலத்தின் உண்மையான பள்ளம் இதுதான். ‘ஹார்கன்’, ‘பிசீச்’ மாதிரியானவை பார்த்தாலே பழசு என்று தெரியும், யாரும் ஏமாற மாட்டார்கள். இன்றைய சொல்லின் முகத்தோடு வந்து பழைய அர்த்தத்தில் நிற்பவைதான் ஆளை விழுத்தாட்டும்.

#13 மரிக்கொழுந்து

அப்படி இன்னும் இரண்டு உண்டு சார், அதே மொழிபெயர்ப்பில். ‘சஃபர் த லிட்டில் சில்ரன்’ என்று இயேசு சொல்வது. இன்றைய ஆங்கிலத்தில் படித்தால் குழந்தைகளைத் துன்பப்படுத்துவது போல இருக்கும். சஃபர் என்றால் அங்கே அனுமதிப்பது. தமிழில் ‘சிறு பிள்ளைகள் என்னிடத்தில் வருகிறதற்கு இடங்கொடுங்கள்’. அடுத்தது ‘ப்ரிவென்ட்’. தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தில் ப்ரிவென்ட் என்பது தடுப்பதல்ல, முந்திக்கொள்வது. தமிழில் ‘நித்திரையடைந்தவர்களுக்கு முந்திக்கொள்வதில்லை’.

அதாவது இன்று விடுவதற்குச் சொல்லும் லெட் அங்கே தடுக்கும், இன்று தடுப்பதற்குச் சொல்லும் ப்ரிவென்ட் அங்கே முந்தும், இன்று துன்பப்படும் சஃபர் அங்கே விட்டுக்கொடுக்கும். எங்கள் சபையில் தமிழ் மட்டுமே படித்த ஆச்சிகள் இந்த வசனங்களைத் தவறில்லாமல் சொல்வார்கள். இங்கிலீஷ் மீடியம் பேரப்பிள்ளைகள்தான் தடுமாறுவார்கள்.

#14 பாளை வாத்தியார்

1881இல் வந்த திருத்திய ஆங்கிலப் புதிய ஏற்பாட்டில், இரண்டாம் தெசலோனிக்கேயரில் இருந்த ‘லெட்டெத் வில் லெட்’ என்பதை எடுத்துவிட்டு ‘ரெஸ்ட்ரெயினெத்’, அதாவது தடுக்கிறான், என்று போட்டார்கள். ஆங்கிலேயருக்கே புரியாமல் போயிற்று என்பதற்கு அதைவிட அத்தாட்சி வேண்டாம்.

#15 புதுச்சேர்க்கை

எனக்கு ஒரு சந்தேகம். இரண்டும் ஒரே ஒலிக்கு வந்ததும் ஏன் தடுக்கிற லெட் மட்டும் செத்தது? விடுகிற லெட் ஏன் சாகவில்லை?

#16 பாளை வாத்தியார்

விடுகிற லெட் வீட்டுக்கு வீடு புழங்கியது. ‘போகலாம் வா’ என்பதற்கே அவர்களுக்கு அந்த லெட் வேண்டும். தடுப்பதற்கோ ஹிண்டர், ஸ்டாப் என்று கைவசம் வேறு சொற்கள் இருந்தன. எதிரெதிர்ப் பொருளுள்ள இரண்டு சொற்கள் ஒரே ஒலிக்கு வந்துவிட்டால், மாற்று ஆள் இருக்கிற சொல்தான் விலகும்.

பிரான்ஸில் இதை ஆராய்ந்தவர் ஜூல் ழிலியெரோன், சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். தென்மேற்கில் கஸ்கோன் பகுதியில் ஒலி மாற்றத்தால் சேவலுக்கும் பூனைக்கும் ஒரே பெயர் வரும் நிலை. கோழிக்கூண்டு வைத்திருக்கிற விவசாயிக்கு அதைவிட வம்பு வேறு என்ன வேண்டும்? அந்த ஊர்க்காரர்கள் சேவலின் பெயரைக் கைவிட்டு, ஃபெசன்ட் என்கிற காட்டுப் பறவையின் பெயராலும், சில இடங்களில் பாதிரியாரைக் குறிக்கும் சொல்லாலும் அழைக்கத் தொடங்கினார்கள். பூனைக்குப் பெயர் நிலைத்தது.

#17 ஆம்ஸ்டல்கரை

நான் நெதர்லாந்தில் இருக்கிறேன். இங்கே இரண்டு சொல்லும் இன்றைக்கும் உயிரோடு இருக்கு. டச்சில் விடுவதற்கு ‘லாட்டன்’, தடுப்பதற்கு ‘பெலெட்டன்’. தடுக்கிற சொல்லுக்கு முன்னால் ஒரு ‘பெ’ ஒட்டிக்கொண்டதால் இரண்டும் முட்டவில்லை. ‘லாட்’ என்றால் லேட். வாத்தியார் ஐயா சொன்ன குடும்பம் முழுக்க இங்கே ஒரே தெருவில் குடியிருக்குது. என்ர பிள்ளைகளுக்கு இந்த ஆங்கில லெட்டை விளங்கப்படுத்த நான் கஷ்டப்படவே இல்லை. பெலெட்டன் என்று சொன்னதும் விளங்கிவிட்டது.

#18 மொழிமேசை

பாஸ்போர்ட் விஷயம் அப்படியே நிற்கிறதே, அதையும் பார்த்துவிடலாம். இந்தியப் பாஸ்போர்ட்டில் ஆங்கிலத்தில் ‘லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்’ இல்லாமல் போகவர விடும்படி குடியரசுத் தலைவர் பெயரால் கேட்கிறார்கள். இது பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டிலிருந்து வந்த வாசகம். அங்கே இன்றும் அதே சொற்கள்தான். நம் பாஸ்போர்ட்டின் இந்திப் பகுதியில் அதற்கு நேராக ‘பினா ரோக்-டோக்’ என்று இருக்கும். ரோக் என்றால் நிறுத்துவது, டோக் என்றால் இடைமறித்துக் கேட்பது. இந்திக்காரர்களும் ஜோடியாகவே போட்டுவிட்டார்கள்.

அமெரிக்கப் பாஸ்போர்ட்டில் லெட் கிடையாது. ‘டிலே ஆர் ஹிண்ட்ரன்ஸ்’, தாமதமோ தடையோ இல்லாமல். வாத்தியார் சொன்ன லேட் உறவை வைத்துப் பார்த்தால், லெட்டின் மூல அர்த்தத்தையே எடுத்துப் போட்டது போலிருக்கிறது.

இதற்குத் தமிழில் நாம் ஒன்றும் புதிதாகத் தேட வேண்டியதில்லை. ‘தங்குதடையின்றி’ இருக்கிறது. தங்கு என்றால் நின்றுபோவது, தேங்குவது. தடை, தடைதான். லெட்டுக்குத் தங்கு, ஹிண்ட்ரன்ஸுக்குத் தடை. குடிநீர் தங்குதடையின்றிக் கிடைக்க நடவடிக்கை என்று செய்தியில் தினமும் படிக்கிறோம்.

#19 வயல்வரப்பு

குடிநீர் தங்குதடையின்றி வந்த ஊர் எது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.

#20 குறுக்குவிசாரணை

மொழிமேசை சொன்ன சொல் பாஸ்போர்ட்டுக்கு அழகாகப் பொருந்தும். லீஸ் பத்திரத்துக்கு நான் போட மாட்டேன். தங்குதடையின்றி என்றால் ஏதோ தானாக ஓடுவது போல இருக்கிறது, யார் தடுக்கக் கூடாது என்று அதில் இல்லை. பத்திரத்தில் அதுதான் உயிர்நாடி. நாளைக்குக் கடை வாசலில் மாநகராட்சி பள்ளம் தோண்டினால் அதற்கும் இடத்துக்காரரைப் பிடிக்க முடியுமா என்று கேள்வி வரும். வாக்கு கொடுப்பது இடத்துக்காரர், அவர் தன்னையும் தன் வழியாகப் பாத்தியம் கோருகிறவர்களையும் பற்றித்தான் வாக்கு கொடுக்கிறார்.

ஜோடிச் சொல் பற்றியும் ஒரு வார்த்தை. ஆங்கிலச் சட்ட நடையில் இது தொற்றுநோய். 1066க்குப் பிறகு நார்மன்கள் ஆண்ட காலத்தில் கோர்ட்டில் பிரெஞ்சும், பதிவேட்டில் லத்தீனும், வெளியே ஆங்கிலமும் புழங்கின. ‘கூட்ஸ் அண்ட் சாட்டல்ஸ்’ (தட்டுமுட்டுச் சாமான்கள்) என்றால் முன்னது ஆங்கிலம், பின்னது பிரெஞ்சு, அர்த்தம் ஒன்றுதான். ‘வில் அண்ட் டெஸ்டமென்ட்’டும் அப்படித்தான். லெட்டும் ஹிண்ட்ரன்ஸும் இரண்டுமே ஆங்கில வேர், பின்னதன் வால் மட்டும் பிரெஞ்சு. இந்தக் குறிப்பிட்ட ஜோடியால் ஒரு லாபம் உண்டு என்பது என் எண்ணம். பக்கத்தில் ஹிண்ட்ரன்ஸ் நிற்பதால்தான் லெட்டுக்கு என்ன அர்த்தம் என்று இன்றும் ஊகிக்க முடிகிறது. தனியாக நின்றிருந்தால் எப்போதோ தூக்கிப் போட்டிருப்பார்கள்.

#21 மொழிமேசை

மேடம் சொல்வது பத்திரத்துக்குச் சரி. ஆனால் தமிழ்ப் பத்திர நடையும் ஜோடிக்குச் சளைத்ததில்லையே. ‘ஆண்டு அனுபவித்து’, ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய்’ என்றெல்லாம் நாம் எழுதாததா?

#22 குறுக்குவிசாரணை

எழுதுகிறோம், அதையும் குறைக்கத்தான் சொல்கிறேன். என்னிடம் வரும் இளம் வக்கீல்கள் தமிழில் வரைவு எழுதினாலும் அதே பாரம்பரியத்தைக் கொண்டுவந்து போடுகிறார்கள்.

#23 புதுச்சேர்க்கை

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன், அதனால் கேட்கிறேன். நானே ஒரு வாக்கியம் எழுதும்போது லெட்டைத் தடை என்ற அர்த்தத்தில் வினையாகப் போடலாமா? ‘ரெயின் லெட்டட் அவர் வர்க்’ மாதிரி? அகராதியில் இருக்கிறதே.

#24 பாளை வாத்தியார்

வேண்டவே வேண்டாம் தம்பி. விடைத்தாள் திருத்துகிறவர் சிவப்பு மையால் சுழிப்பார், அவர் சுழிப்பதும் நியாயம்தான். அகராதியில் அந்தப் பொருளுக்குப் பக்கத்தில் பழைய வழக்கு என்று ஒரு குறிப்பு இருக்கும், அதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இன்று அது பெயர்ச்சொல்லாக, ‘லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்’ என்ற சட்டகத்துக்குள்ளும் விளையாட்டுக் களத்திலும் மட்டும் செல்லும். சட்டகத்தை உடைத்து ‘வித்தவுட் லெட்’ என்று பாதியை மட்டும் எழுதினாலே வாசிக்கிறவர் நெற்றியைச் சுருக்குவார். அதைக்கூடக் கடிதத்திலும் கட்டுரையிலும் தவிர்த்து, ‘ஃப்ரீலி’ என்று ஒரே சொல்லில் முடிப்பது மேல். படிக்கும்போது கண்டுகொள்ள மட்டும் தெரிந்திருந்தால் போதும்.

#25 டைபிரேக்கர்

எங்கள் கோச்சிடம் பக்கத்து கோர்ட் பந்து விஷயத்தைக் கேட்டேன். ‘அந்த லெட் வேறு, இந்த லெட் வேறு’ என்கிறார். அவரோடு மல்லுக்கு நிற்க எனக்குத் தெம்பில்லை.

#26 நான்குசுவர்

நோ லெட் கொடுத்துவிடலாம் அவருக்கு.

#27 கடைத்தெரு

எல்லோருக்கும் நன்றி. சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு இடத்துக்காரரைப் பார்த்தேன். பாஸ்போர்ட்டைக் கையோடு கொண்டுபோய் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். அவர் நல்ல மனிதர்தான், தமிழ்ப் படியை அவர் படித்தே பார்த்ததில்லை. “எனக்கு வாடகை வந்தால் போதும், எழுதுகிறபடி எழுதிக் கொண்டுவாருங்கள்” என்று சொல்லிவிட்டார். செல்போன் பையனுக்கும் ஒரு மேசை வரை சம்மதம், தனிக் கடிதமாகத் தருகிறேன் என்றார்.

மேடம், இப்படி எழுதினால் சரியா? “வாடகைதாரர் வாடகையைத் தவறாமல் செலுத்தி இப்பத்திர ஷரத்துகளின்படி நடந்து வரும்வரை, உரிமையாளரோ அவர் மூலம் பாத்தியம் கோருபவர்களோ எவ்விதத் தடையும் இடையூறும் செய்யாமல், மேற்படி கடையை வாடகைதாரர் லீஸ் காலம் முழுவதும் அனுபவித்து வரலாம்.”

#28 குறுக்குவிசாரணை

சரி. இரண்டு படியும் முரண்பட்டால் எது செல்லும் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். சம்மதக் கடிதத்தைக் கையெழுத்து போடும் அன்றைக்கே வாங்கிவிடுங்கள், ‘தருகிறேன்’ என்பதோடு விட வேண்டாம்.

#29 கடைத்தெரு

செய்கிறேன் மேடம். இன்னொன்று. பத்திரம் முழுக்க கடையை ‘டிமைஸ்ட் ப்ரெமிசஸ்’ என்று எழுதியிருக்கிறார்கள். தமிழ்ப் படியில் அது வரும் இடமெல்லாம் ‘காலஞ்சென்ற கட்டடம்’. சித்தப்பா, ராசியில்லாத கடையோ என்று கேட்கிறார்.

#30 குறுக்குவிசாரணை

கடவுளே. டிமைஸ் என்றால் லீசுக்குக் கொடுப்பது, சொத்துரிமையைக் கைமாற்றுவது. அதுதான் பழைய அர்த்தம். ராஜா செத்தால் கிரீடம் கைமாறுவதை டிமைஸ் என்றார்கள், அதிலிருந்துதான் சாவு என்ற அர்த்தமே வந்தது. ‘லீசுக்கு விடப்பட்ட கடை’ என்று மாற்றுங்கள்.

#31 வயல்வரப்பு

அந்தத் தமிழ்ப் படியில் மிச்சம் எத்தனை பக்கம் இருக்கிறது? முழுவதையும் இங்கே போடுங்கள், திங்கட்கிழமைக்குள் பார்த்து முடித்துவிடலாம்.